‘புதர்’ என்று ஒரு செடி கிடையாது

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் காகிதங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்தக் காகிதங்களில் உனக்குப் பிடிக்காத சொல் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ‘புதர்’ என்பேன்.

ஓடை, வாய்க்கால், ஏரிக்கரை, எங்கே வேலை எடுத்தாலும் மதிப்பீட்டில் முதலில் வருவது ‘ஜங்கிள் கிளியரன்ஸ்’. தமிழில் எழுதினால் ‘முட்செடி, புதர்களை அகற்றுதல்’. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அதற்கு ஒரு விலை உண்டு. அடர்ந்த புதர் என்றால் கொஞ்சம் கூடுதல். லேசான புதர் என்றால் கொஞ்சம் குறைவு. அங்கே நிற்பது என்ன செடி, எத்தனை வருஷமாக நிற்கிறது, யாருக்கு உபயோகம் என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. நொச்சியும் புதர், தாழையும் புதர், முழங்கால் உயரம் வளர்ந்த நீர்மருதுக் கன்றும் புதர், சீமைக் கருவேலும் புதர். அளவுப் புத்தகத்தில் ஏறிவிட்டால் எல்லாம் சதுர மீட்டர்தான். இயந்திரம் வரும், வழிக்கும், பில் பாஸ் ஆகும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். காட்டு ஓடைகளின் கரையில் என்னென்ன நிற்கிறது என்று பெயர் சொல்லி எழுதி வைக்க வேண்டும். வருஷா வருஷம் அதே இடத்துக்குப் போய் அதைச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நடத்துகிற மரம் நடு விழாவும், தூர்வாரலும், பசுமைப் பரப்பு இத்தனை சதவீதம் கூடிவிட்டது என்கிற அறிக்கையும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிற வேலை.

“புதுச்சேரிக்காரனுக்குக் காட்டு ஓடையைப் பற்றி என்ன கவலை?” என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு ஐயா. திருக்காஞ்சியில் நாம் தர்ப்பணம் கொடுக்கிறோமே, அந்தச் சங்கராபரணி எங்கிருந்து வருகிறது? செஞ்சி மலைகளில் பிறந்து, தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, வீடூர் அணையில் தங்கி, வில்லியனூர் வழியாக நம்மிடம் வருகிறது. செஞ்சியாறு, வராக நதி என்று போகிற வழியெல்லாம் பெயர் மாறினாலும் தண்ணீர் ஒன்றுதான். மலையில் இருக்கிற சின்னச் சின்ன ஓடைகளின் கரை எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் கீழே நமக்கு வந்து சேரும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் தலைக்கு மேலேயே நின்றதும், ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியதும், வீடூர் அணையைத் திறந்து ஆறு பெருக்கெடுத்ததும் யாருக்கும் மறந்திருக்காது.

அப்படிப்பட்ட மழையை ஓடைக்கரைச் செடிகள் நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். அவை செய்கிற வேலை வேறு. மரத்தின் வேர் கரை மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நாணலும் கோரையும் வேகமாக வருகிற தண்ணீரைத் தடவித் தடவி மெதுவாக்குகின்றன. கலங்கல் அங்கேயே படிகிறது. மேலே கிளை மூடியிருப்பதால் தண்ணீர் சூடாவதில்லை. உதிர்ந்த இலையை நீர்ப்பூச்சிகள் தின்கின்றன. அந்தப் பூச்சிகளை மீன் தின்கிறது. வறண்ட காட்டில் சித்திரை, வைகாசியில் பச்சை என்று இருப்பது அந்த ஒரு நாடாதான். பறவையும் மிருகமும் அதை நம்பித்தான் கோடையைக் கடக்கின்றன.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சாம்பல் நிற மலை அணில் என்று ஒன்று உண்டு. அதற்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். காவிரிக் கரைக் காடுகளிலும் அது இருக்கிறது. அந்த அணில் தரையில் இறங்க விரும்பாது. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவிப் போகும். நடுவில் நாலு மரத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பாதை அறுந்துபோகும். காட்டின் பரப்பளவு காகிதத்தில் ஒரு ஏக்கர்கூடக் குறைந்திருக்காது. அணிலுக்கு மட்டும்தான் தெரியும், ஊர் இரண்டாகிவிட்டது என்று.

பிரெஞ்சில் இந்தக் கரைக்காட்டுக்கு ‘ரிப்பிசில்வ்’ என்று தனிச்சொல்லே உண்டு. லத்தீனில் ‘ரிப்பா’ என்றால் கரை, ‘சில்வா’ என்றால் காடு. என்னைப்போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குச் சின்ன வகுப்பில் ‘லெஸோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் இருந்தது. பொருட்களைப் பார்த்துக் கற்பது என்று அர்த்தம். அந்தப் பாடத்தில்தான் ‘ஸோல்’ என்கிற மரத்தைப் படித்தோம். ஆற்றங்கரையில் கிளையைத் தண்ணீரில் தொங்கவிட்டு நிற்கும் என்று படம் போட்டிருந்தது. அந்த ஸோலின் உறவுக்காரன் ஒருவன் நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளில் நிற்கிறான், அவன் பெயர் ஆற்றுப்பாலை என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடப் புத்தகம் பாரிஸிலிருந்து வந்தது. ஆனால் இப்போது பாடப் புத்தகம் பாரிஸிலிருந்து வருவதில்லை. என் பேரனுக்கு ஆமேசான் காடு தெரிகிறது, நொச்சி தெரியவில்லை. இதற்கு யாரைக் குறை சொல்வது?

இத்தனைக்கும் செடியைப் பெயர் சொல்லி அறிகிற வேலை நம் ஊரிலேயே, சேன் லூயி வீதியிலேயே நடந்துகொண்டிருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் எதிரே எத்தனை முறை மாலை நடை போயிருப்போம்! உள்ளே இருபதாயிரத்துக்கு மேற்பட்ட உலர்த்திய செடி மாதிரிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தென்னிந்தியத் தாவர வரைபடங்களை அங்கே தயாரித்தார்கள். பாஸ்கால், ரமேஷ் என்ற இருவர் 1987-இல் மேற்குத்தொடர்ச்சி மலைப் பசுமைமாறாக் காட்டு மரங்களையும் கொடிகளையும் அடையாளம் காண ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதில் விசேஷம் என்னவென்றால், பூ இல்லாத காலத்திலும் இலை, பட்டை, பால் இவற்றை வைத்தே மரத்தைக் கண்டுபிடிக்கலாம்.

அடையாளம் காண்பது என்றால் என்ன என்பதற்கு மருதையே எடுத்துக்கொள்வோம். ‘மருது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஓடைக்கரையில் நிற்பது நீர்மருது. பட்டை வழவழப்பாக, வெளிறிப்போய், பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு உரிவதுபோல் செதில் செதிலாக உரியும். சரிவில் நிற்பது கருமருது. அதன் பட்டை கறுத்து, கட்டம் கட்டமாக வெடித்து, முதலை முதுகுபோல் இருக்கும். இரண்டுக்கும் காயில் சிறகு உண்டு; இலை மட்டும் பார்த்தால் குழப்பும். பட்டையைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள டாக்டர் பட்டம் வேண்டாம்; கண்ணும் பொறுமையும் போதும்.

ஊர்ப்பெயர் மட்டும் போதுமா என்றால் போதாது. ஓர் ஊரில் நீர்க்கடம்பு என்பது ஒரு மரம்; இன்னோர் ஊரில் அதே பெயரில் வேறு மரம். ஆகவே ஊர்ப்பெயர், தாவரவியல் பெயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் சின்னக் கிளையை இலை, பூ, காயோடு பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி, தேதியும் இடமும் குறித்து, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்கிறதே என்பார்கள். சொல்லட்டும், அதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். பட்டையைத் தொடாமல், காயைப் புரட்டாமல், ஒற்றை இலைப் படத்தை வைத்துச் சொல்லும் பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது.

பெயர் தெரியாமல் இருப்பதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கர்நாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தில் இருக்கும் கத்தலேகானைக் காட்டுகிறேன். அங்கே காட்டு ஓடைகளை ஒட்டிச் சதுப்பு நிலம். காட்டு ஜாதிக்காய் இனத்து மரங்கள் சேற்றுக்கு மேல் வேரை முழங்கால் மடக்கியதுபோல் நீட்டி மூச்சு விடும். இந்தச் சதுப்புகள் பல இடங்களில் நெல் வயலாகவும் பாக்குத் தோட்டமாகவும் மாறிப்போயின. மிச்சம் இருந்ததில் நம் சேங்கொட்டை இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய மரம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அறிவியல் பெயர் வைத்தது எப்போது தெரியுமா? 2000-இல். பெயர் வைக்கும்போதே அது அழிவின் விளிம்பில் இருந்தது. வயலும் தோட்டமும் ஆன சதுப்புகளில் இப்படிப் பெயரில்லாமல் எத்தனை போயினவோ! பிறப்புச் சான்றிதழ் இல்லாதவனுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுக்க முடியாது. இது குமாஸ்தா புத்தி என்று சிரிக்கலாம், ஆனால் உண்மை.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் நாட்டு வழக்கம் சறுக்குகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்திய வன அளவைத் துறை அறிக்கை வருகிறது. அதன் கணக்குப்படி ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும், பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கிளை மூட்டமும் இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்பது கேள்வியில்லை. மாந்தோப்பும் சேரும், தென்னந்தோப்பும் சேரும். அந்தச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 23 மீட்டர். ஓடைக்கரைக் காடோ பல இடங்களில் பத்து மீட்டர் அகலம்கூட இல்லை. ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடுகிற நாடாவில் நீர்மருது செத்து உண்ணிச்செடி வந்தாலும் வானத்திலிருந்து பார்த்தால் பச்சை பச்சைதான். செயற்கைக்கோள் பொய் சொல்வதில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியை நாம் கேட்கிறோம்.

தரையில் நடந்து பார்ப்பது எப்படி என்பதற்குக் குடகில் உப்பங்களா காட்டைப் பார்க்கலாம். நான் மேலே சொன்ன அதே நிறுவனத்தார் 1990 வாக்கில் அங்கே நிரந்தரமாக ஓர் இடத்தைக் குறித்தார்கள். மார்பளவு உயரத்தில் 30 செ.மீ. சுற்றளவுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, திரும்பத் திரும்ப அளந்து வருகிறார்கள். எது வளர்ந்தது, எது செத்தது, எது புதிதாக வந்தது என்று வாயால் சொல்லாமல் கணக்கால் சொல்லலாம்.

ஓடைக்கரைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஓடையில் நூறு மீட்டரைக் குறித்து, இரண்டு முனையிலும் கல் நடுங்கள். தைமாதம் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை போங்கள். ஒவ்வொரு முறையும் அதே கல்லருகே நின்று, அதே திசையைப் பார்த்து ஒரு படம். பெரிய மரங்களின் பெயர், சுற்றளவு. கரையில் புதிதாக மண் சரிந்த இடம் எத்தனை. தண்ணீர்மேல் நிழல் விழுகிறதா. சீமைக் கருவேல், உண்ணிச்செடி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமாக, கன்றுகளின் கணக்கு.

கன்றுக் கணக்கை ஏன் முக்கியம் என்கிறேன்? ஓடையில் பத்து நீர்மருது ஓங்கி நிற்கிறது. அடியில் ஒரு கன்றுகூட இல்லை என்று வையுங்கள். பார்க்க அழகாக இருக்கும். நம் ஊர் வீதிகளில் சில வீடுகள் இருக்கின்றனவே, பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில், உள்ளே கிழவனும் கிழவியும் மட்டும். வெளியே வர்ணம் பளபளக்கும். அந்த வீட்டின் வருங்காலம் என்னவோ அதுதான் அந்தக் கரையின் வருங்காலமும். ஆடு மேய்ந்ததா, தீ வந்ததா, மணல் அள்ளினார்களா, மேலே தண்ணீரை மறித்தார்களா என்று அப்போதே தேடினால் மருந்து கொடுக்கலாம். பத்து மரமும் சாய்ந்தபிறகு தேடினால் கருமாதிதான்.

இனி எதிர்வாதங்கள். “புதரை அகற்றாவிட்டால் வெள்ளம் ஊருக்குள் வருமே!” பாலத்துக்கு அடியிலும் மதகு வாயிலும் அடைப்பதை எடுக்கத்தான் வேண்டும். அதை யார் மறுத்தார்கள்? அதைச் சாக்காக வைத்து மேலே காட்டு ஓரம்வரை இரண்டு கரையையும் மொட்டையடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். வேர் இல்லாத கரை அடுத்த மழையில் சரிந்து, அதே மண் அதே மதகில் வந்து அடைக்கும். அதைத் தூர்வார மறுபடியும் ஒரு டெண்டர். இந்தச் சக்கரத்தில் யாருக்கு லாபம் என்று நான் எழுத வேண்டியதில்லை.

“சீமைக் கருவேலை ஒழிக்க வேண்டாமா?” தாராளமாக ஒழிக்கலாம். 2017-இல் உயர் நீதிமன்றமே அதைப் பிடுங்கச் சொல்லி, பிறகு அதே நீதிமன்றம் இடைக்காலத் தடையும் போட்டதைப் பலர் படித்திருப்பீர்கள். என் கவலை, பிடுங்குகிறவனுக்கு எது சீமைக் கருவேல், எது நம் நாட்டு வேலம் என்று தெரிய வேண்டும் என்பதுதான். இயந்திரத்தின் கொத்துக்கு முள் என்றால் எல்லாம் முள்.

“அதற்குப் பதிலாகத்தான் ஆயிரம் கன்று நடுகிறோமே!” நடுங்கள். ஆனால் நட்ட அன்றைக்கு எடுத்த படத்தைக் கணக்காக ஏற்க மாட்டேன். மூன்றாம் வருஷம் உயிரோடு நிற்பதே கணக்கு. அதுவும் ஓடைக்கரையில் ஓடைக்கரை மரமாக இருக்க வேண்டும். நீர்மருது, நாவல், புங்கை, இலுப்பை நிற்க வேண்டிய இடத்தில் பூவுக்காக ஏதோ அயல்நாட்டு மரத்தை நட்டு நாடா வெட்டுவது பசுமை இல்லை, பந்தல் அலங்காரம்.

ஐரோப்பாவில் 2000-இல் கொண்டுவந்த நீர்ச் சட்டத்தில் ஆறு நன்றாக இருக்கிறதா என்று தீர்மானிக்க, தண்ணீரை ஆய்வகத்தில் சோதிப்பதோடு, அதில் வாழும் செடி, பூச்சி, மீன் என்ன என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரான்சில் ஆற்றுச் செடிகளை வைத்தே மதிப்பெண் போடும் முறையை 2003-இல் தேசியத் தரமாக்கினார்கள். வெள்ளைக்காரன் செய்கிறான், நாமும் செய்வோம் என்று இதைச் சொல்லவில்லை. நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2002-ஆம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களைக் கேட்டு ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ எழுத வேண்டும். பல வருஷம் யாரும் சீந்தவில்லை. 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது: 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாநிலத்துக்கு மாதம் பத்து லட்சம் ரூபாய். அவ்வளவுதான், நாடு முழுவதும் சில ஆயிரமாக இருந்த பதிவேடுகள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. கெடுவுக்குப் பயந்து எழுதும் பதிவேடு எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதை உத்தியோகத்தில் இருந்த எவரும் சொல்வார்கள். எழுதி முடித்து அலமாரியில் பூட்டினால் அது பதிவேடு ஆகாது. வருஷா வருஷம் புதுக் கையெழுத்தும் புதுத் தேதியும் ஏறினால்தான் பதிவேடு.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, ஓடைக்கரையில் ‘ஜங்கிள் கிளியரன்ஸ்’ என்று எந்த வேலை எடுத்தாலும், அங்கே நிற்கும் செடிகளின் பெயர்ப் பட்டியல் இல்லாமல் மதிப்பீட்டை ஏற்கக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு ஓடைக்கும் குறைந்தது நூறு மீட்டர் நிரந்தர அளவிடம் குறித்து, வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்துப் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்; காப்புக்காட்டுக்குள் வனத்துறையே இதைச் செய்யலாம், கல்லூரித் தாவரவியல் மாணவர்களை அழைத்துக்கொள்ளலாம். மூன்று, கன்று நட்ட கணக்கை மூன்றாம் வருஷம்தான் வெளியிட வேண்டும்.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டிவலியோடு மலை ஏறச் சொல்லவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவும் கூடாது. ஆனால் வில்லியனூர், திருக்கனூர், செஞ்சி, மயிலம் பக்கத்தில் பிறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சின்ன வயதில் எந்த ஓடையில் எந்த மரத்தடியில் மீன் பிடித்தீர்கள், எந்த இடத்தில் தாழை அடர்ந்திருந்தது, மாடு மேய்க்கிறவர் எந்தச் செடியை என்ன பெயரால் கூப்பிட்டார் என்பது உங்கள் தலையில் இருக்கிறது. அது எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடம், சுமாரான வருஷம், செடியின் பெயர் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு நகலை உங்கள் ஊர் பஞ்சாயத்தில் கொடுத்து, பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. இல்லை என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான்.